ஃபோம் எட்ஜ் கிட்: வளையத்தை வாங்குங்கள், பசையை நம்பாதீர்கள்

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கருக்கென்று இணையக் கடைகளில் விற்கிறார்களே, பிராண்டு பெயர் இல்லாத 8 இஞ்ச் ஃபோம் எட்ஜ் கிட், அதைப் பற்றிய மதிப்பீடு இது. எட்ஜ் என்பது ஸ்பீக்கரின் ஒலி எழுப்பும் கூம்பை, அதாவது கோனை, சுற்றியுள்ள ஃபிரேமோடு இணைக்கும் வளையம். கவருக்குள் இரண்டு ஃபோம் வளையம், ஒரு சிறு பாட்டில் வெள்ளைப் பசை, ஒரு பிரஷ். சிலர் கோனின் நடுவை மூடும் டஸ்ட் கேப் இரண்டும் நாலைந்து பிளாஸ்டிக் கீற்றும் சேர்த்து வைத்து விலையைக் கூட்டுகிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது, ஆயிரத்துக்கு மேலும் போகிறது. உள்ளே இருக்கும் வளையம் பெரும்பாலும் ஒரே தரம்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வளையத்துக்கு ஐந்துக்கு நான்கு, பசைக்கு ஒன்று. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி வீடு இருப்பவர்கள் வளையத்தை எடுத்துக்கொண்டு பசையைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்டை வேலைக்குக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கரையில் இதற்குத் தேவை நிறையவே இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடா நாடுகளிலிருந்து வந்திறங்கிய செட்டுகள் பல வீடுகளில் இன்னும் நிற்கின்றன. ஆம்ப்ளிஃபையர் ஓடும், பாக்ஸும் பார்க்க நன்றாக இருக்கும். முன்பக்கத் துணியைக் கழற்றினால், பேஸ் ஒலி தரும் ஸ்பீக்கரான வூஃபரைச் சுற்றி ஓரம் கறுப்புத் தூளாக உதிர்ந்து கிடக்கும். பாட்டு வரும், அடி ஒலி (பேஸ்) இருக்காது. சத்தம் கூட்டினால் கரகரப்பு. கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் கருகிவிட்டது என்று முடிவுகட்டி ஸ்பீக்கரையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் போயிருப்பது எட்ஜ் மட்டும்தான்.

ஃபோம் என்பது பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகை காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மூலக்கூறுச் சங்கிலி அறுந்து போகும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சத்திலும் ஆக்சிஜனிலும் கெடும். எந்த வகையானாலும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயுள் தேயும். உறை பிரிக்காமல் வைத்திருந்த ஸ்பீக்கரும் தப்பாது. 10 முதல் 20 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. இங்கே கீழ்க்கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் மெல்லத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கினாலும், பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலும் அந்த எட்ஜின் காலம் முடிந்தது. இன்னும் கிழியவில்லையே என்று தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எதையும் தடவ வேண்டாம். எண்ணெய் ஃபோமைக் காப்பாற்றாது. பிறகு புது வளையம் ஒட்டும்போது பசை பிடிக்காமல் செய்யும், அவ்வளவுதான்.

கிட்டுக்கு ஆர்டர் போடும் முன் வூஃபரைக் கழற்றிச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் 8 ஓம் வூஃபர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்ட வேண்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.6. எதுவும் காட்டவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று உடனே நினைக்காதீர்கள். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் வயரை முதலில் பாருங்கள். உப்புக்காற்றில் அது பச்சை பூத்து, கோனுக்குள் நுழையும் இடத்திலோ டெர்மினலில் பற்ற வைத்த இடத்திலோ உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே முழுசாகத் தெரியும். கோனை மெல்ல அசைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் குற்றவாளி அந்த வயர்.

அடுத்தது கோனை இரு பக்கமும் விரல் வைத்து நேராக உள்ளே தள்ளிப் பார்ப்பது. உரசல் சத்தம் வந்தால் இரண்டு காரணம். எட்ஜ் போனதால் கோன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அது கிட்டிலேயே சரியாகும். அல்லது காயில் நகரும் இடுக்கில் துரு. காந்தம் ஃபெரைட் என்றால் அது துருப்பிடிக்காது. அதற்கு மேலும் கீழும் இருக்கும் இரும்புத் தட்டுதான் பிடிக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே தொடங்கிவிடும். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களிலும், தேவிபட்டினம் தொண்டிப் பக்கம் வாடைக்காற்றிலும் இந்த உப்புப் படலம் ஜன்னல் கம்பியில் படிவதுபோலவே ஸ்பீக்கரின் இரும்பிலும் படிகிறது. இடுக்கின் சுவரில் துரு உப்பிவிட்டால் எவ்வளவு நல்ல வளையம் ஒட்டினாலும் கரகரப்பு போகாது. துரு லேசாக, தூளாக மட்டும் இருந்தால் டஸ்ட் கேப்பைத் திறந்து, பிளாஸ்டிக் கீற்றில் ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி டேப்பை மடித்துச் சுற்றி, இடுக்கில் விட்டு விட்டு எடுத்தால் வந்துவிடும். கம்ப்ரஸர் காற்று அடிக்கக் கூடாது. தூள் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

சோதனை தேறினால் அளவு. பாதிப் பேர் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள், ஏனென்றால் "8 இஞ்ச்" என்பது ஃபிரேமின் பேச்சு அளவு. இரண்டு கம்பெனியின் 8 இஞ்ச் வூஃபருக்கு ஒரே வளையம் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு அளவு வேண்டும், எல்லாம் மில்லிமீட்டரில்: கோனின் வெளி விட்டம்; ஃபோமின் மேடு தொடங்கும் உள்விட்டம்; மேடு முடியும் வெளிவிட்டம்; ஃபிரேமில் ஒட்டும் பட்டையின் முழு விட்டம். பழைய ஃபோம் முழுதும் உதிர்ந்திருந்தாலும் ஃபிரேமில் ஒட்டிய பட்டையின் தடம் இருக்கும், அதை அளக்கலாம். ஃபிரேம் பட்டையில் 1, 2 மில்லிமீட்டர் கூடுதல் இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். மேட்டின் அகலம் தவறினால் மன்னிப்பே இல்லை: குறுகினால் கோன் ஓட்டம் கட்டுப்படும், அகலமானால் கோன் மேலே எழும்பி நின்று காயில் தன் இடத்தை விட்டு விலகி நிற்கும்.

இன்னொன்று, உள் ஓரத்தின் சாய்வு. சில வளையத்தில் உள் ஓரம் தட்டையாக இருக்கும், சிலதில் கோனின் சரிவுக்கேற்பச் சாய்ந்திருக்கும். சாய்வான கோனில் தட்டை ஓரத்தை அழுத்தி ஒட்டினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடம் முதலில் பிரியும். விற்பனையாளர் இந்தத் தகவலைப் பக்கத்தில் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். பழைய ஃபோம் கோனுக்கு முன்னால் ஒட்டியிருந்ததா, பின்னால் ஒட்டியிருந்ததா என்பதையும் பிரிக்கும் முன் பார்த்து வையுங்கள். பின்னால் இருந்ததை முன்னால் ஒட்டினால் கோன் நிற்கும் உயரம் சற்று மாறும்.

வளையத்தின் தரத்துக்கு நான்கு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஃபோம் மெல்லியதாக, சீராக, ஓட்டை இல்லாமல் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளி தெரியக் கூடாது, தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு வளையமும் ஒரே விறைப்பா என்று விரலில் மடக்கிப் பாருங்கள்; ஒன்று விறைப்பாகவும் ஒன்று தளர்வாகவும் வந்தால் இடது வலது ஸ்பீக்கரின் பேஸ் இரண்டு விதமாக இருக்கும். ஒரு மதிப்பெண் குறைத்தது எந்த வகை பாலியூரித்தேன் என்று உறையில் எங்கும் எழுதாததற்கு.

பசைக்கு வருவோம். பாட்டிலில் இருப்பது மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையின் இனம்தான். காகிதக் கோனும் ஃபோமும் ஒட்ட அது சரியான இனம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை: மெதுவாகக் காயும், சரிசெய்ய நேரம் தரும், ஃபோமை அரிக்காது. ஆனால் சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்து இளகும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் வீட்டில் வூஃபர் அடித்துக்கொண்டிருந்தால் ஒட்டு மெல்ல மெல்ல ஊர்ந்து, ஓரத்தில் வாய் பிளக்கும். போதாததற்கு வரும் பசை பாதி தண்ணீர். காகிதக் கோனில் தண்ணீர் அதிகமானால் ஓரம் நெளியும்.

இதற்கு மாற்று, ஹார்டுவேர் கடையில் தண்ணீர் தாங்கும் வகை என்று எழுதி விற்கும் மரப்பசை. இரண்டு வூஃபருக்கு 50 கிராம் டப்பா தாராளம். கோன் காகிதமாக இல்லாமல் பளபளப்பான பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் எந்த வெள்ளைப் பசையும் பிடிக்காது. காய்ந்தபின் தோலாக உரிந்து வரும். அங்கே ஓரத்தை 320 நம்பர் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ரப்பர் வகை கான்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் வராத அளவு காயவிட்டு, ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும். வைத்த பிறகு நகர்த்த முடியாது. உடனடி ஒட்டுப் பசை வேண்டவே வேண்டாம், ஃபோமைக் கட்டையாக்கி அந்த இடத்திலேயே முறித்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம்: காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பையும் இரும்பையும் அரிக்கும். நம் ஊரில் அரிப்புக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வேலையைத் திண்ணையிலோ மணல் தரையிலோ வைத்துச் செய்யாதீர்கள். கடல் மணலில் இருக்கும் கறுப்புத் துகள் காந்தத்தில் ஒட்டும்; ஒன்று இடுக்கில் போனாலும் தொல்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரும்பு ஸ்க்ரூ டிரைவரைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். காந்தம் அதை இழுத்துக் கோனைக் குத்திய கதைகள் போதும்.

முதலில் ஃபிரேம் ஓரத்திலுள்ள அட்டை கேஸ்கெட்டைத் தட்டைக் கத்தியால் நெம்பி, உடையாமல் எடுத்து வையுங்கள். பழைய ஃபோமையும் பசையையும் ஃபிரேமிலிருந்து சுரண்டலாம், தின்னர் போட்டும் துடைக்கலாம். கோனில் தின்னர் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் ஒற்றி, ஊறியதும் விரலால் உருட்டி எடுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான், அவசரத்தில் கோன் கிழியும். துருப்பிடித்த ஃபிரேம் ஓரத்தைத் தேய்த்துப் பிரைமர் அடித்துக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். துருவின் மேல் ஒட்டினால் பசை துருவைப் பிடிக்கும், துரு இரும்பை விட்டுக் கழன்றுவிடும்.

வளையத்தை முதலில் கோனில் மட்டும் ஒட்டி முழுதும் காயவிடுங்கள். ஃபிரேமில் ஒட்டுவது பிறகு, ஏனென்றால் காயிலை நடுவில் நிறுத்தும் வேலை அப்போதுதான் நடக்கிறது. அதற்கு இரண்டு வழி. நிச்சயமான வழி: டஸ்ட் கேப்பைப் புது பிளேடால் ஒட்டுக் கோட்டிலேயே அறுத்து எடுத்து, காயிலுக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே நான்கு பக்கமும் சம இடைவெளியில் கீற்று செருகுவது. கிட்டில் வரும் கீற்று தடிமன் பொருந்தவில்லை என்றால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கிப் பாருங்கள், சுமார் 0.2 மில்லிமீட்டர் இருக்கும், பல வூஃபருக்குச் சரியாக அமரும். திணிக்கக் கூடாது, இலேசாகப் பிடித்து நின்றால் போதும். இரண்டாவது வழி: கேப்பை அறுக்காமல், ஃபிரேமில் பசை பூசி வளையத்தை வைத்ததும், மொபைல் செயலியில் 30 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஆம்ப் வழியாக மிகக் குறைந்த சத்தத்தில் கொடுப்பது. உரசல் கேட்டால் வளையத்தை அரை மில்லிமீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தி, சத்தம் சுத்தமானதும் சுற்றிலும் துணி கிளிப் போடுங்கள். கோனுக்குப் பின்னால் காயிலைத் தாங்கும் நெளிவுத் துணியான ஸ்பைடர் நல்ல நிலையில் இருந்தால் இது போதும். ஸ்பைடர் தொய்ந்திருந்தால் கீற்று வழிதான்.

காயும் நேரம் பாட்டில் மேல் ஒன்று போட்டிருக்கும். அதை மறந்துவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள். வேலைக்கு நல்ல காலம் பங்குனி முதல் ஆடி வரை, அதிலும் முற்பகல். சாயங்காலம் கடற்காற்று ஏறிய பிறகு பசை பூச வேண்டாம். வெயிலில் வைத்துக் காயவைப்பதும் தவறு, ஃபோமும் கோனும் வேறு வேறு அளவில் சுருங்கும்.

ஒட்டி முடித்த வூஃபர் எப்படி வந்திருக்கிறது என்று காதை மட்டும் நம்பாமல் அளக்கலாம். ஆம்பின் வெளியீட்டிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக, பாக்ஸில் மாட்டாத வூஃபருக்குச் சைன் ஒலி கொடுத்து, வூஃபரின் இரு முனையில் ஏசி வோல்ட் பாருங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வோல்ட் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த எண்தான் அதன் ஒத்ததிர்வு, அதாவது கோன் மிக எளிதாக ஆடும் இடம். 8 இஞ்ச் வூஃபரில் பொதுவாக 25 முதல் 45க்குள் இருக்கும். கம்பெனி விவரத்தாளில் உள்ளதைவிடச் சில ஹெர்ட்ஸ் கூட வந்தால் கவலை வேண்டாம், சில மணி நேரம் மெதுவாக ஓட்டினால் புது ஃபோம் தளர்ந்து இறங்கும். ஜோடிக்குள் வித்தியாசம் 3, 4 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் ஒட்டுதலைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்றுக்கு ஃபோமைவிட ரப்பர் எட்ஜ் நல்லதில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஆயுளில் ரப்பர்தான் ஜெயிக்கும். ஆனால் கனம். ஃபோமுக்கென்று வடிவமைத்த கோனில் ரப்பர் ஒட்டினால் நகரும் எடை கூடி, ஒலித்திறன் சற்றுக் குறையும், நடு ஒலியின் குணமும் மாறும். வூஃபரும், உயர் ஒலிக்கான ட்வீட்டரும் மட்டும் உள்ள சாதாரண 2-வே பாக்ஸுக்கு அது பெரிய இழப்பில்லை, தாராளமாக ரப்பருக்குப் போகலாம். எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்த மூடிய பெட்டி முறையைப் பின்பற்றியவை வேறு கதை. அங்கே பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங். எட்ஜ் தளர்வாகவும் காற்றுப் புகாமலும் இருக்க வேண்டும். அந்த வகைக்கு ஃபோமையே வாங்குங்கள். மாட்டி முடித்ததும் கோனை மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் அது சட்டென்று துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வர வேண்டும். துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது: கேஸ்கெட், அல்லது பின்பக்க டெர்மினல் தட்டு. ஆரம்பத்திலேயே ரப்பரோ துணியோ போட்டு வந்த ஸ்பீக்கரில் ஃபோம் ஒட்டுவதில் அர்த்தமே இல்லை.

பாக்ஸ் திறந்திருக்கும்போதே, ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் க்ராஸ்ஓவர் போர்டையும் பாருங்கள். பிளஸ், மைனஸ் பேதம் இல்லாத எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் 30 வருடத்தில் காய்ந்து உள்தடை ஏறியிருக்கும், ட்வீட்டர் மங்கும். ட்வீட்டருக்குத் தொடராக இருக்கும் சிறிய மதிப்புகளை, உதாரணமாக 4.7 மைக்ரோஃபாரட், பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகையாக மாற்றலாம். மாற்றிய பின் ஒலி கூர்மையாகக் குத்தினால் அரை ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். பழைய கெப்பாசிட்டரின் உள்தடை செய்த வேலையை அது செய்யும். முடிந்ததும் போர்டின் பற்றுகள் மேல் மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் உப்பு ஏறாது.

வீட்டில் செய்யப் பயமாக இருப்பவர்களுக்கு ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் ஸ்பீக்கர் பார்க்கும் மைக் செட் கடைகள் உண்டு. அவர்கள் கை தேர்ந்தவர்கள், ஆனால் தேர்ந்தது பந்தல் ஸ்பீக்கரில். எட்ஜ் போன வூஃபரைக் கொடுத்தால் பழக்கப்படி கோன், காயில், ஸ்பைடர் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக் கையிருப்பில் உள்ள கோனைப் போட்டுவிடுவார்கள். சத்தம் முன்பைவிடக் கூட வரும், அடி ஒலி போய்விடும். துணி ஓரம் வைத்த விறைப்பான கோன் வேறெப்படி அடிக்கும்? ஆகவே வளையத்தையும் பசையையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, "எட்ஜ் மட்டும், கோனைத் தொட வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பின்னல் வயர் மாற்றுவது, அறுந்த காயிலைச் சுற்றுவது, நகர்ந்த காந்தத்தைத் திரும்ப உட்கார வைப்பது ஆகியவற்றை அவர்களிடம் யோசிக்காமல் கொடுக்கலாம். சென்னைக்குப் பார்சல் அனுப்புவதானால் வூஃபரை மட்டும் கழற்றி, காந்தம் கீழே இருக்கும்படி இறுக்கமாகக் கட்டி அனுப்புங்கள். பாக்ஸோடு அனுப்பி வழியில் ஒரு முறை கீழே விழுந்தால் காந்தம் நகர்ந்து காயில் சிறைப்பட்டுவிடும்.

திரும்ப மாட்டும்போது வூஃபரை முன்பிருந்த நிலையிலிருந்து 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள், வருடக்கணக்கில் ஒரே பக்கம் தொய்ந்த ஸ்பைடர் எதிர்ப்பக்கம் இழுபடும். இரும்புத் திருகுகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் 304 போடுங்கள். வயர் மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு, பாசிட்டிவ் சிவப்பில் பட்டால் கோன் வெளியே வருகிறதா என்று இரண்டு வூஃபரிலும் பாருங்கள். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் இது தலைகீழ்: சிவப்பில் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அது கோளாறு இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.